முதுகைப் பார்த்தவள்

பென்னலூர்
24-2-1991

அன்புள்ள மச்சானுக்கு,

பரசுராமன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை கனகமும் பாப்பா எழிலரசியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் தங்கச்சி சசிரேகாவும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? திருச்சியில் வெயில் ஆரம்பித்துவிட்டதா?

உடம்புக்குக் குறை இல்லை, மனசுக்குத்தான். விஷயத்துக்கு வருகிறேன். என் அண்ணி சரோஜாவின் கோழிகள் இந்த மாதம் மூன்று காணாமல் போய்விட்டன. குஞ்சுகள் இல்லை, முட்டையிடும் பெட்டைகள். அண்ணன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் கொல்லை ஒன்றுதான் என்பது உங்களுக்குத் தெரியும். கோழிகள் கலந்துதான் மேயும். அடையாளத்துக்கு அண்ணி சிவப்புப் புடவைக் கரையைக் கிழித்துத் தன் கோழிகளின் காலில் கட்டியிருப்பார். கனகம் நீலத் துணி கட்டுவாள். மூன்றாவது கோழி போன ஞாயிற்றுக்கிழமை போனது. அப்போது அந்தப் பக்கம் இருந்தது கனகம் ஒருத்திதான். புதுத் தளத்தின்மேல் ஏறி மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாளாம். அவள் சொல்கிறதை அப்படியே எழுதுகிறேன்.

"கொல்லையில தொபீர்னு ஒரு சத்தம். எட்டிப் பாக்கறேன், எனக்குக் கீழ ஒரு பெரிய பறவை கோழிய அமுக்கிகினு கீது. முதுகுல சுண்ணாம்பு தடவினா மாதிரி ஒரு வெள்ள. கால் பூரா எறகு, விரல் வரைக்கும், கால்சட்டை மாட்டிகினா மாதிரி. வால் முனையில கறுப்பா ஒரு பட்ட. நான் ச்சூன்னேன். நிமிந்து என்னிய ஒரு பார்வ பாத்துச்சு. அப்பால கோழியத் தூக்கிகினு ஏரிப் பக்கமா பூட்ச்சு."

அண்ணி இதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார். "குஞ்சத் தூக்கற பருந்து தெரியும். முட்ட வைக்கற கோழியத் தூக்கறதுக்கு அது இன்னா, ஏரோப்ளேனா?" என்கிறார். தெருவில் பாதிப் பேர் அது கருடனாக இருந்தால் பெருமாள் வாகனத்தின்மேல் பழி போடாதே என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். மீதிப் பேர் குழாயடியில் கனகத்தைக் கோழித்திருடி என்கிறார்கள். எனக்குத் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை.

நீங்கள் காலேஜில் பறவைகளோடு இருப்பவர். அது இன்ன பறவை, அது கோழியைத் தூக்கும் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். தெருவில் காட்டி எல்லார் வாயையும் மூடிவிடுகிறேன்.

பாப்பா மாமாவைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

உங்கள் மாப்பிள்ளை,
பரசுராமன்

* * *

திருச்சி
9-3-1991

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தமிழ்வாணன் எழுதிக்கொண்டது. கடிதம் கிடைத்தது. சசிரேகாவுக்கு ஒரு வாரமாகப் பல்வலி, நேற்றுதான் பிடுங்கினோம். மற்றபடி அனைவரும் சுகம். கனகத்தையும் குழந்தையையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

விஷயம் வருத்தமானது. ஆனால் நீங்கள் கேட்கிற மாதிரி ஒரு வரியில் எழுத முடியாது. பருந்து, கழுகு, வல்லூறு இதுகளை அடையாளம் காண்பது சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குவது போல இல்லை. ஒரே பறவைக்குக் குஞ்சில் ஒரு நிறம், இரண்டு வயதில் ஒரு நிறம், வளர்ந்தபின் ஒரு நிறம். ஆணைவிடப் பெண் பெரிது. வெயிலுக்கு எதிரே பார்த்தால் எல்லாமே கறுப்பு. எங்கள் பேராசிரியர் இருபது வருஷமாகப் பார்க்கிறார். அவரே பல நாள் நோட்டில் 'ஏதோ ஒரு பருந்து' என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

கனகம் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம். பருந்தின் முதுகை யார் பார்த்தார்கள்? அது தலைக்கு மேலே பறப்பது. எங்கள் புத்தகத்தில் எல்லாப் படமும் வயிற்றுப் பக்கம்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சின்ன வயதிலிருந்தே அவள் ஒன்றைப் பத்தாகச் சொல்பவள், நான் வளர்த்தவன், எனக்குத் தெரியும்.

ஆகவே நீங்களே பாருங்கள். ஏரிப் பக்கம் போனதென்றால் அங்கேதான் சுற்றும். வால் நடுவில் பிளந்திருக்கிறதா, வட்டமா? வயிறு வெள்ளையா, கோடு உண்டா? தேதி, நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள். அவசரப்படாதீர்கள்.

அன்புடன்,
தமிழ்வாணன்

* * *

பென்னலூர்
31-3-1991

அன்புள்ள மச்சானுக்கு,

பரசுராமன் வணக்கம். தங்கச்சிக்குப் பல்வலி தேவலையா? இங்கே எனக்குக் கழுத்துச் சுளுக்கு, மற்றவர்கள் சுகம். சுளுக்குக்குக் காரணம் நீங்கள்தான்.

ஷிப்ட் முடிந்ததும் ஏரிக்கரையில் போய் நிற்கிறேன், மூன்று வாரமாக. பருந்து இல்லாமல் இல்லை. அதுதான் கஷ்டமே. ஒன்றுக்கு வால் பிளந்திருந்தது. ஆஹா என்று நோட்டை எடுத்தேன். அது திரும்பி வாலை விரித்தது, பிளவைக் காணோம், வட்டமாகிவிட்டது. வயிறு வெள்ளை என்று ஒன்றை எழுதினேன், மேகம் விலகியதும் பழுப்பாகிவிட்டது. பெரியது என்று நினைத்தது கிட்டே வந்தால் காக்கா அளவுதான். தூரத்தில் சின்னதாகத் தெரிந்தது ஒரு பனைமரத்தில் உட்கார்ந்தபோது மட்டையே வளைந்தது. ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் எழுந்து போய்விட்டது. என்னைப் பார்த்துப் பறவைகள் சிரிக்கின்றன என்றே நினைக்கிறேன்.

கம்பெனியிலும் மானம் போகிறது. சூப்பர்வைசர் ரத்தினம், "இன்னா பரசு, மேல பாத்துகினே வர? இன்கிரிமென்ட் ஆகாசத்துல தொங்குதா?" என்கிறார். ஓ.டி. வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஏரிக்கு ஓடுகிறவனை வேறு என்ன கேட்பார்கள்?

நேற்று கனகம் ஏரிக்கு அந்தாண்ட, கரண்ட் டவர் நிற்கிற மேட்டுப் பக்கம் போய்வந்தாள். விறகு பொறுக்கப் போனதாகச் சொன்னாள், விறகு ஒன்றும் கொண்டுவரவில்லை. "இன்னா, உன் பறவை கண்ல பட்டுதா?" என்று கேட்டேன். "நீ பாத்தியா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். என்மேல் என்ன கோபமோ, நானா கோழியைத் தூக்கினேன்?

நோட்டில் எழுதியதை நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். வேறு வழி இருந்தால் எழுதவும்.

பரசுராமன்

* * *

திருச்சி
14-4-1991

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்து. இங்கே வீட்டில் அனைவரும் நலம், மாங்காய்ப் பச்சடி சாப்பிட்டுவிட்டு எழுதுகிறேன். கழுத்துக்கு நல்லெண்ணெய் தடவுங்கள்.

உங்கள் நோட்டில் இருந்து எழுதிய இருபத்து மூன்று குறிப்புகளையும் பார்த்தேன். அதில் பதினெட்டு கள்ளப்பருந்து, மூன்று செம்பருந்து, ஒன்று வல்லூறு. கடைசி ஒன்று என் கணிப்பில் கொக்கு.

வெறும் கண்ணால் ஆகாது. காலேஜ் பைனாகுலரை எங்கள் துறை கண்ணப்பன் தாம்பரம் வருகிறபோது கொடுத்தனுப்புகிறேன். இருபத்தெட்டாம் தேதி காலை சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணைப்போலப் பார்த்துக்கொள்ளவும், பேராசிரியருக்குத் தெரியாது.

இன்னொன்று. ஒருவேளை உண்மையாகவே பெரிய கழுகு ஒன்று அந்தப் பக்கம் இருந்தால், அது பதிவு செய்ய வேண்டிய செய்தி. பறவை பார்ப்பவர்களுக்கு ஒரு இதழ் வருகிறது. அதில் என் பெயரில் குறிப்பு எழுதலாம். பதினோரு வருஷமாக லேபில் ஜாடி கழுவுகிறவன் பெயர் ஒருமுறையாவது அச்சில் வரட்டுமே. அதனால்தான் தப்பு வரக்கூடாது என்கிறேன். பரீட்சை முடிகிற வரையில் எனக்கு லீவு கிடையாது, இல்லாவிட்டால் நானே வந்துவிடுவேன்.

கனகத்துக்கு என் ஆசி.

தமிழ்வாணன்

* * *

பென்னலூர்
9-6-1991

அன்புள்ள மச்சானுக்கு,

பதில் எழுதத் தாமதம். வீட்டில் எல்லாரும் இருக்கிறோம், நல்லபடியா என்று கேட்காதீர்கள். அங்கே பிள்ளைகள் பரீட்சை பாஸா?

மே மாதம் எங்கள் பக்கம் குண்டு வெடித்து நடந்த கொடுமை உலகத்துக்கே தெரியும். அதற்குப் பிறகு இங்கே தெருவுக்குத் தெரு போலீஸ், பஸ்ஸில் சோற்று மூட்டையைக்கூட அவிழ்த்துப் பார்க்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சமயத்தில் ஏரிக்கரையில் பைனாகுலரோடு நின்ற மடையனைத்தான் சொல்ல வேண்டும். இரண்டு பேர் வந்தார்கள்.

"இன்னாத்தப் பாக்கற?"

"பருந்து சார்."

"எதுக்கு?"

"கோழி சார்."

இதற்கு மேல் நான் என்ன சொல்லியும் எடுபடவில்லை. நீங்கள் எழுதச் சொன்ன நோட்டில் இறக்கை படம் போட்டு அம்புக்குறி வைத்திருந்தேன், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எந்த ஊர் மேப் என்று கேட்டார்கள். சாயந்தரம் வரை உட்காரவைத்தார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். கம்பெனி கார்டைச் சரிபார்த்து, என் அண்ணன் நரசிம்மன் வந்து கையெழுத்துப் போட்ட பிறகு விட்டார்கள். பைனாகுலர் நாலு நாள் கழித்து வந்தது.

திரும்பி வந்ததும் அண்ணன் வீட்டு வாசலில் நின்று சொன்னார். "போதும்டா. ஒரு கோழிக்காக நம்ம வூட்டுப் பேரு ஸ்டேஷன் வரைக்கும் பூட்ச்சு. ஆடிக் கிருத்திகைக்குள்ள அந்தப் பறவ பேரைக் கொண்டா. இல்லியா, உன் பொண்டாட்டி வல்லக்கோட்டை முருகன் எதிர்ல கற்பூரம் அணைச்சி சத்தியம் பண்ணட்டும்."

மச்சான், சத்தியம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாததில்லை. மெய்யோ பொய்யோ, கோயிலில் கற்பூரம் அணைத்தவள் என்ற பேச்சு பாப்பாவுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நாள் வரைக்கும் நிற்கும். இரண்டு மாதம்கூட இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பரசுராமன்

* * *

திருச்சி
20-6-1991

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கண்டு பதறிவிட்டேன். பைனாகுலர் லென்ஸில் கீறல் எதுவும் இல்லையே? இடது பக்கம் திருகு சரியாகச் சுற்றுகிறதா பாருங்கள். உங்களை உட்காரவைத்ததும் மிகவும் வருத்தம்தான். பைனாகுலரைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துவிடுங்கள், இனிமேல் வெளியே எடுக்க வேண்டாம். தீபாவளிக்குள் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இனி நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. கால். பருந்துக்கு முழங்காலுக்குக் கீழே வெறும் கால். பெரிய கழுகு வகை சிலவற்றுக்கு விரல் வரைக்கும் இறகு மூடியிருக்கும். உட்கார்ந்திருக்கிற பறவையாகப் பிடியுங்கள். காலைப் பார்த்து எழுதினால் பாதிக் குழப்பம் தீரும்.

இங்கே அட்மிஷன் நேரம், மூச்சுவிட நேரமில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் பாஸ். கனகத்தைத் தைரியமாக இருக்கச் சொல்லவும்.

தமிழ்வாணன்

* * *

பென்னலூர்
14-7-1991

மச்சானுக்கு,

அனைவரும் சுகம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன்.

காலைப் பார் என்கிறீர்கள். பறவை எனக்குக் காலை நீட்டிக்கொண்டா உட்காரும்? போன ஞாயிறு பனை உச்சியில் ஒன்று உட்கார்ந்திருந்தது. நல்ல பெரிசு. வெறும் கண்ணோடு முள்ளில் நுழைந்து அடிமரம் வரைக்கும் போனேன். தலை தெரிந்தது, மார்பு தெரிந்தது, கால் மட்டும் மட்டைக்குள். ஒன்றரை மணி நேரம் நின்றேன். அது எழுந்தபோது என் கண்ணில் தூசி விழுந்தது. முள் குத்தின காலோடு வீட்டுக்கு வந்தேன். கனகம் முள்ளை எடுத்தாள். அவள் இப்போதெல்லாம் பேசுவதே இல்லை. சோறு போடுகிறாள், பாப்பாவைக் குளிப்பாட்டுகிறாள், அண்ணி வீட்டுக் கோழி இந்தப் பக்கம் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.

இன்னொரு சங்கடம். பிப்ரவரிக்கு அப்புறமும் ஒன்றிரண்டு போயின, ஏப்ரலுக்குப் பிறகுதான் ஒரு கோழியும் போகவில்லை. நல்லதுதானே என்பீர்கள். "நாம கண்ண வெச்சதும் திருட்டு நின்னு போச்சு பாத்தியா" என்கிறார் அண்ணி.

ஐந்து மாதமாகிறது. எனக்குப் பருந்தும் வேண்டாம் கழுகும் வேண்டாம். நீங்கள் ஏதாவது ஒரு பெயரை எழுதி, காலேஜ் முத்திரை ஒன்று குத்தி அனுப்புங்கள். இந்த ஊரில் யாருக்கு என்ன தெரியப்போகிறது? உங்கள் கூடப் பிறந்தவளுக்காக ஒரு முத்திரை குத்தமாட்டீர்களா?

பரசுராமன்

* * *

திருச்சி
24-7-1991

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு அனைவரும் நலம். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் பார்க்காத பறவைக்கு நான் முத்திரை குத்த முடியாது. நாளைக்கு யாராவது ஒருவர் கேட்டால் என் வேலையும் போகும், பொய்க் காகிதம் காட்டினாள் என்று கனகத்துக்கு இன்னொரு கெட்ட பெயரும் வரும்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்கக்கூடாது. உங்கள் கடிதங்களை நேற்று முதலிலிருந்து எடுத்துப் படித்தேன். 'கனகம் சொல்கிறாள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் பார்த்தாள் என்று ஒரு இடத்திலும் இல்லை. முப்பது பறவைகளைப் பற்றி எழுதினீர்கள், அவளைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதவில்லை. உங்களுக்கு ஏதாவது சந்தேகம் உண்டா?

பதில் எழுதவும்.

தமிழ்வாணன்

* * *

பென்னலூர்
6-8-1991

மச்சானுக்கு,

நேற்று முன்தினம் கிருத்திகை. சத்தியம் ஆகிவிட்டது.

விடியற்காலையில் தலைக்குக் குளித்து அவளே கிளம்பிவிட்டாள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. சந்நிதிக்கு வெளியே அண்ணன், அண்ணி, தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர். கற்பூரம் ஏற்றினார்கள். அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "நான் எடுக்கல. நான் பாத்ததச் சொன்னேன்" என்றாள். உள்ளங்கையால் ஒரே அடி. தீ அணைந்துவிட்டது. கையை ஊதக்கூட இல்லை. அண்ணி குங்குமத்தை எடுத்து அவள் நெற்றியில் வைத்து, "சரி வுடு கனகம்" என்றார். ஆனால் நேற்று குழாயடியில் ஒருத்தி, "சாமி இன்னா, அன்னிக்கேவா கேக்கும்" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

நீங்கள் கேட்டதற்குப் பதில். மூன்றாவது கோழி போன அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் கோழிக் குழம்பு. எங்கள் சேவலை அறுத்ததாகச் சொன்னாள். நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். சாயந்தரம் அண்ணி கத்தினபோதுதான் எனக்கு அந்தக் குழம்பின்மேல் சந்தேகம் வந்தது. அதை உங்களுக்கு எழுதவில்லை. அவளிடமும் கேட்கவில்லை. கேட்டால் கேட்டதாகிவிடும் என்று பயம். சேவலை எண்ணிப் பார்த்திருக்கலாம், எத்தனை இருந்தது என்றே எனக்குத் தெரியாது.

தெருவுக்காக அலைகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பறவை தெருவுக்கு வேண்டியிருக்கவில்லை மச்சான், எனக்குத்தான் வேண்டியிருந்தது. வெட்கமாக இருக்கிறது.

அவள் உள்ளங்கை கொப்பளித்திருக்கிறது. மருந்து போட விடமாட்டேன் என்கிறாள்.

பரசுராமன்

* * *

திருச்சி
25-8-1991

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கனகத்தின் கை ஆறிவிட்டதா? அதை முதலில் எழுதுங்கள். இங்கே எல்லாரும் இருக்கிறோம்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எங்கள் துறையில் பழைய பறவைத் தோல்களைப் பஞ்சடைத்து டிராயரில் வைத்திருக்கிறார்கள். அந்துருண்டை மாற்றுவது என் வேலை, பதினோரு வருஷமாக மாற்றுகிறேன். எல்லாப் பறவையும் மல்லாந்துதான் கிடக்கும், வயிறு மேலே, முதுகு கீழே. உங்கள் கடிதம் வந்த மறுநாள் கழுகு டிராயரைத் திறந்தேன். என்னவோ தோன்றி ஒவ்வொன்றாகக் குப்புறப் புரட்டினேன். நாலாவது பறவையின் முதுகில் வெள்ளையாக ஒரு திட்டு. சுண்ணாம்பு தடவினது மாதிரியேதான். காலில் விரல்வரை இறகு. வால் முனையில் கறுப்புப் பட்டை. ராஜாளி. காலில் கட்டியிருந்த சீட்டில் எழுதியிருக்கிறது: செங்கற்பட்டு ஜில்லா, 1934, சேகரித்தவர் பெயர்.

பேராசிரியரிடம் காட்டினேன். முயலைத் தூக்கும், பெட்டைக் கோழியையும் தூக்கும் என்றார். மாசியில் கூட்டில் குஞ்சு இருந்திருக்கும், அதற்காகத் திரும்பத் திரும்ப வந்திருக்கும், குஞ்சு பறந்ததும் நின்றிருக்கும் என்றார். ஏப்ரலோடு ஏன் நின்றது என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டது. அவர் கையெழுத்தோடு காகிதம் இதில் வைத்திருக்கிறேன். ஊர் முழுக்கக் காட்டுங்கள்.

எல்லாம் உங்கள் முதல் கடிதத்திலேயே இருந்தது. மேலேயிருந்து பார்த்தவள் அவள் ஒருத்தி. அவள் சொன்ன அந்த முதுகை வைத்தே நான் அவளைத் தள்ளினேன். சின்ன வயதில் ஒரு தரம் பக்கத்து வீட்டுக் கொய்யா காணாமல் போனபோது அணில் என்றாள், நான் நம்பவில்லை. அணில்தான் என்று பிறகு தெரிந்தது. அது என் நினைவில் இருந்ததா என்றுகூட எனக்கு இப்போது சொல்லத் தெரியவில்லை.

இதழுக்கும் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். தபாலில் சேர்க்க வேண்டியதுதான். தீபாவளிக்குக் கட்டாயம் வருகிறேன்.

தமிழ்வாணன்

* * *

பென்னலூர்
15-9-1991

அன்புள்ள அண்ணனுக்கு,

கனகம் எழுதுகிறேன். அண்ணியும் பிள்ளைகளும் நன்றாக இருக்கிறார்களா? எட்டாவதோடு நின்ற எழுத்து, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். கை ஆறிவிட்டது. பாப்பாவுக்குப் பல் விழுந்திருக்கிறது.

உங்கள் காகிதம் வந்தது. அவர் தெருவில் நின்று சத்தமாகப் படித்தார். சரோஜா அக்கா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், அவள்மேல் எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. கோழி அவளுடையது, கேட்கிற உரிமை அவளுக்கு உண்டு, மூஞ்சிக்கு நேரே கேட்டாள். குழாயடியில் இப்போது, "இன்னா கண்ணு கனகம் உனக்கு" என்கிறார்கள். பாப்பாகூட ராஜாளி ராஜாளி என்று கத்திக்கொண்டு ஓடுகிறாள்.

அண்ணா, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். பங்குனியில் நான் டவர் மேட்டுக்குப் போனேன். விறகுக்கு இல்லை. அந்தப் பறவை அந்தப் பக்கம்தானே போனது என்று தேடிக்கொண்டு போனேன். டவர் உச்சியில் இவ்வளவு பெரிய கூடு. கீழே எலும்பும் இறகும் கொட்டிக் கிடந்தது. அதில் ஒரு கோழிக்கால், சிவப்புக் கரை கட்டியது. கட்டு அவிழவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தேன். வாசலில் அவர் உட்கார்ந்திருந்தார். "உன் பறவை கண்ல பட்டுதா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டு கேட்டார். என் பறவையாம்.

முடிச்சை அவிழ்க்காமல் உள்ளே போய்விட்டேன். மிளகாய் டப்பாவில் போட்டு வைத்தேன். உன்னை நம்புகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்போதே எடுத்துக் காட்டிவிடலாம் என்று இருந்தேன். நாளைக்குச் சொல்வார், நாளைக்குச் சொல்வார் என்று ஆடி வந்துவிட்டது. உங்கள் கடிதங்களையும் அவர் வேலைக்குப் போன பிறகு எடுத்துப் படிப்பேன். நீங்களாவது எழுதியிருப்பீர்கள் என்று பார்ப்பேன். வாலைப் பார், காலைப் பார் என்றுதான் இருக்கும். பைனாகுலரில் கீறலா என்று கேட்டிருந்தீர்கள்.

முன்னாலேயே காட்டியிருந்தால் நீங்கள் இரண்டு பேரும் நம்பியிருப்பீர்கள். கோழிக்காலை நம்பியிருப்பீர்கள், என்னை இல்லை. கற்பூரம் அணைக்கும்போதும் டப்பாவிலிருந்து எடுத்துப்போய் என் இடுப்பு முடிச்சில்தான் வைத்திருந்தேன். சுட்டது அண்ணா, ரொம்பச் சுட்டது. அவர் எதிரே ஊதக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நேற்றுதான் அவரிடம் டப்பாவைத் திறந்து காட்டினேன். கையில் எடுத்து அந்தச் சிவப்புக் கரையைத் தடவிப் பார்த்தார். பிறகு, "அன்னிக்கி அறுத்தது நம்ம கறுப்புச் சேவல்தானே?" என்றார். ஏழு மாதம் கழித்துக் கேட்கிறார். ஆமாம் என்றேன். என் முகத்தைப் பார்த்தார், கோழிக்காலை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். நான் எங்கும் போய்விட மாட்டேன், பயப்படாதீர்கள். ஆனால் பழையபடி பேசுவதற்கு எனக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும். அதை அவரிடமும் சொல்லிவிட்டேன், உங்களுக்கும் சொல்கிறேன்.

கோழிக்காலை இதோடு அனுப்புகிறேன், துணியை அவிழ்க்கவில்லை. அந்த ராஜாளி பக்கத்தில் டிராயரில் வையுங்கள். சீட்டு ஒன்று கட்டுவீர்கள் இல்லையா, ஊர், தேதி, சேகரித்தவர் பெயர் என்று. அதில் என் பெயரை எழுதுங்கள். இதழுக்கு எழுதி வைத்திருக்கிற குறிப்பையும் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். கனகம் சொன்னாள் என்று வேண்டாம். 1991 பிப்ரவரி பதினேழு, பென்னலூரில் கனகம் பார்த்தாள் என்று எழுதுங்கள்.

தீபாவளிக்கு வாருங்கள். உங்கள் பைனாகுலர் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

உங்கள் தங்கை,
கனகம்